“பார்த்துப் போட்டுக் கொடுங்க” என்று இனிக் கேளோம்!

(சங்கரன்கோவிலில் விசைத்தறித் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பகல் முழுவதும் தறிச் சத்தத்திலே நின்றுவிட்டு, காது இன்னும் இரைந்துகொண்டிருக்கும்போதே இங்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வயலிலிருந்து நேராக வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். நம் உழைப்புக்கு விலை சொல்வது யார்? அந்த விலையை எப்படிக் கணக்கிடுவது, எப்படிக் கேட்பது, கேட்டு வாங்கியதை எப்படிக் காப்பாற்றுவது? இதுதான் இன்றைய விஷயம்.

நம்மிடையே ஒரு பேச்சு வழக்கம் இருக்கிறது. புது ரகம் தறியில் ஏறுகிறது. இதற்குக் கூலி என்ன என்று கேட்கிறோம். “நெய்யப்பா, பார்த்துக்கலாம்” என்கிறார் முதலாளி. நாமும், “சரி அண்ணாச்சி, பார்த்துப் போட்டுக் கொடுங்க” என்று சொல்லிவிட்டுத் தறியை ஓட்டி விடுகிறோம். வார முடிவில் அவர் பார்க்கிறார், போடுகிறார், கொடுக்கிறார். பார்ப்பதும் அவர், போடுவதும் அவர், கொடுப்பதும் அவர். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பது மட்டும் நாம்.

பூ பறிக்கப் போகும் தாய்மாரும், நாற்று நடப் போகும் தாய்மாரும் இதையேதான் சொல்கிறார்கள். வேலை முடிந்த பிறகு விலை கேட்கிற ஜாதி உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. அது உழைக்கும் ஜாதி. வியாபாரி ஒருநாளும் அப்படிக் கேட்பதில்லை. நூல் மில்லுக்காரனிடம் போய், “நூலை அனுப்புங்க, பிறகு பார்த்துப் போட்டுக் கொடுக்கிறேன்” என்று எந்த ஜவுளி வியாபாரியாவது சொன்னதுண்டா? நூலுக்குக் கிலோ விலை முன்னாலேயே பேசியாகிவிட்டது. சாயப் பட்டறைக்கு விலை உண்டு. சைசிங்குக்கு விலை உண்டு. லாரி வாடகைக்கு விலை உண்டு. மின்சாரத்துக்கு மீட்டர் இருக்கிறது. இவ்வளவையும் எழுதிக் கழித்துவிட்டு, தமக்கு வேண்டிய லாபத்தையும் எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் மிஞ்சிக் கிடப்பதற்குத்தான் ‘கூலி’ என்று பெயர் வைக்கிறார்கள். அந்தப் பட்டியலில் அசையக்கூடிய ஒரே எண் நம்முடைய எண். அது அசைகிறது என்பதனால்தான் அதை எல்லோரும் அசைத்துப் பார்க்கிறார்கள்.

நூல் விலை ஏறினால், “விலை கட்டவில்லை, கூலி ஏற்ற முடியாது” என்கிறார்கள். 2022 மே மாதத்தில் பஞ்சு விலை கண்டிக்கு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியபோது நாம் எல்லோரும் கேட்ட பேச்சு அது. சரி, விலை இறங்கினால்? “மார்க்கெட் மந்தம், சரக்குத் தேங்கிக் கிடக்கிறது” என்கிறார்கள். ஏறினாலும் கூலி ஏறாது, இறங்கினாலும் கூலி ஏறாது! இந்த விசித்திரத் தராசை நாம் எத்தனை காலம் நம்புவது?

இனி கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. வேறு வழியில்லை, தோழர்களே. கணக்குத் தெரியாமல் போட்ட கோஷம் தெரு முனையோடு நின்றுபோகும்.

சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறோம். துண்டு நெய்பவர் துண்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். ஆனால் நாம் விற்பது சேலையையா? சேலை நம்முடையது அல்லவே! நூல் அவருடையது, பாவு அவருடையது, அறுத்து மடித்த பிறகு சேலையும் அவருடையதே. நாம் விற்பது நேரம். நின்று, கண் விழித்து, அறுந்த இழையை முடிந்து, தார் மாற்றி, நாடாவைத் தட்டிவிட்டுக் கழித்த மணிகளை விற்கிறோம். ஆகவே சேலைக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், ஒரு சேலைக்கு எத்தனை நிமிஷம் என்று கேட்க வேண்டும்.

ஆறு கஜச் சேலை என்றால் 216 அங்குலம். அங்குலத்துக்கு 50 ஊடை, அதாவது 50 பிக், என்று வைத்துக்கொள்வோம். 10,800 தடவை நாடா குறுக்கே ஓட வேண்டும். தறி நிமிஷத்துக்கு 120 பிக் ஓடுகிறது என்றால் சரியாக 90 நிமிஷம். ஆனால் எந்தத் தறி நிற்காமல் ஓடியது? தார் தீர்கிறது, இழை அறுகிறது, நாடா தெறிக்கிறது. நான்கில் ஒரு பங்கு நேரம் நிற்கிறது என்று கொண்டால் சேலைக்கு இரண்டு மணி. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஒரு தறியில் ஆறு சேலை. கூலி சேலைக்கு 100 என்று, கணக்குக்காகத்தான், வைத்துக்கொள்வோம். அந்தத் தறியிலிருந்து 600 வருகிறது.

இப்போது முதலாளி கூப்பிட்டு, “உங்கள் கோரிக்கையை மதித்து 10 சதவீதம் ஏற்றுகிறேன்” என்கிறார். நாம் கை தட்டுகிறோம். அடுத்த வாரம் புது ரகம் வருகிறது. பார்த்தால் பழைய சேலைதான். கரை கொஞ்சம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அங்குலத்துக்கு 50 பிக் இருந்த இடத்தில் 56 பிக். நாடா 12,096 தடவை ஓட வேண்டும். நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் சேலைக்கு 134 நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. பன்னிரண்டு மணியில் ஆறு சேலை இறங்கிய தறியில் இப்போது ஐந்தே கால் சேலைக்குச் சற்று மேலேதான் இறங்கும். 110 வீதம் பெருக்கிப் பாருங்கள்: 589. கூலி பத்து சதவீதம் உயர்ந்தது. கைக்கு வருவது பதினொரு ரூபாய் குறைந்தது!

இதை யாராவது திருட்டு என்று சொன்னார்களா? இல்லை. ‘கூலி உயர்வு’ என்றுதான் பேப்பரில் வந்திருக்கும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. முதலில், மந்த காலம் என்று சொல்லி 100ஐ 80 ஆக்குவது. ஆறு மாதம் கழித்து நாம் கொதித்துக் கேட்டால், “சரி, 20 சதவீதம் குறைத்தேன், 20 சதவீதம் ஏற்றிவிட்டேன், கணக்கு நேர்” என்பது. நேர் இல்லை தோழர்களே! 80க்கு 20 சதவீதம் 16தான். 96 ஆகிறது. நான்கு எங்கே போயிற்று? சதவீதம் என்பது தனியாக நிற்கும் எண் அல்ல. எந்தத் தொகையின் மேல் சதவீதம் என்று கேட்காதவன் பாதிப் பேரத்தைப் பேசாமலேயே விட்டுவிட்டான்.

பிறகு, நிற்கிற நேரம். பீம் தீர்ந்து அடுத்த பாவுக்குக் காத்திருக்கிறோம். பாவு பிணைக்கும் வரை உட்கார்ந்திருக்கிறோம். ஊடை நூல் வரவில்லை என்று டீக்கடையில் நிற்கிறோம். 2012ல் இந்த சங்கரன்கோவில் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்ததே, அந்தக் காலத்து மின்வெட்டு நினைவிருக்கிறதா? தமிழ்நாடு பூராவும் மணிக்கணக்கில் கரண்டு இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு அது வியர்வை மட்டும். துண்டுக் கூலிக்காரனுக்கு அது அடுப்பில் உலை இல்லாத இரவு. தறி நின்றால் கூலி நின்றது. நம் குற்றத்தால் நிற்காத தறிக்கு நஷ்டம் மட்டும் நம்முடையதாம்!

கார்ல் மார்க்ஸ் 1867ல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதல் பாகத்தில் துண்டுக் கூலிக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதிவைத்தார். துண்டுக் கூலி என்பது நேரக் கூலி போட்டுக்கொண்ட வேஷமே என்று அதில் விளக்குகிறார். அதில் மேஸ்திரி வைத்து மேற்பார்வை பார்க்கவேண்டிய வேலைகூட முதலாளிக்குக் குறைகிறது, ஏனென்றால் தொழிலாளி தன்னைத் தானே விரட்டிக்கொள்கிறான் என்பதையும் அவர் கண்டார். அவர் நம் தறிக் கூடத்தைப் பார்த்ததில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, இன்னும் ஒரு சேலை அறுத்துவிட்டால் போதும் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிற நம்மை அவர் பார்த்த மாதிரிதான் இருக்கிறது.

நம் ஊரில் துண்டுக் கூலி தறியோடு முடிவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் தாய்மாருக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இலையும் தூளும் கொடுக்கும்போது எடையில் குறைவு; அந்தக் குறையைக் கைக்காசு போட்டு வாங்கி நிரப்ப வேண்டும்; கொண்டு போனால் கழிவு என்று ஒரு பங்கை ஒதுக்குகிறார்கள். பூ பறிப்பவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு. மழைக்காலத்தில் பூ குறைந்தால் அதே நான்கு மணி நேரத்தில் பாதிக் கிலோ; கூலியும் பாதி. பூ குறைந்தால் சந்தையில் விலை ஏறுகிறது, பறிப்பவளுக்கு இறங்குகிறது. தறியில் பிக் கூடினால் என்ன நடக்கிறதோ, செடியில் பூ குறைந்தால் அதுவேதான் நடக்கிறது.

எங்கள் தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு பேச்சுவார்த்தைக்கு நாங்கள் போனோம். யாரோடு என்பது இப்போது முக்கியமில்லை. வெளியே தோழர்கள் நூற்றுக்கணக்கில் நின்றார்கள். எங்களுக்கும் உற்சாகத்துக்குக் குறைவில்லை. உள்ளே போனதும் எதிர்த் தரப்பார், “எந்தெந்த ரகத்துக்கு இப்போது என்ன கூலி, அதில் எவ்வளவு வேண்டும், சொல்லுங்கள்” என்றார்கள். எங்களிடம் பதில் இல்லை. ஆளுக்கொரு எண் சொன்னோம். ஒருவர் சொன்ன கூலியை இன்னொருவர் மறுத்தார். அவர்கள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்கள். ரகம், பிக், நீளம், கூலி எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. அந்த நோட்டின் மேல்தான் பிறகு பேச்சு நடந்தது. சதவீதம் வாங்கினோம்; மாலையும் போட்டார்கள். ரகங்களின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டோம். இரண்டு மாதத்தில் பழைய ரகங்கள் ஒவ்வொன்றாகத் தறியை விட்டு இறங்கின. வந்த புது ரகங்களுக்கு ஒப்பந்தம் பொருந்தாது என்றார்கள். அந்த நோட்டு நம் கையில் இருந்திருக்க வேண்டும். நெய்தவர்கள் நாம், எழுதி வைத்தவர்கள் அவர்கள்.

இப்போது நம்மில் பலர் மனத்தில் இருக்கும் கேள்விக்கு வருகிறோம். “எங்கள் முதலாளியே நாலு தறி, ஆறு தறி வைத்திருக்கிற சின்ன ஆள். அவருக்கே வியாபாரி கொடுக்கிற கூலி போதவில்லை. அவரிடம் போய் எதைக் கேட்பது?” என்கிறார்கள். இது நியாயமான கேள்வி. வியாபாரியிடம் பாவும் நூலும் வாங்கி, தன் தறியில் நெய்து கொடுத்து, மீட்டருக்குக் கூலி வாங்குகிறாரே அந்தச் சிறு தறிக்காரர், அவர் முதலாளியா, தொழிலாளியா? தறி அவருடையது, அந்த மட்டில் முதலாளி. ஆனால் தறிக் கடன், கரண்டு பில், பட்டறைச் செலவு, நம் கூலி எல்லாம் போக அவர் கைக்கு மிஞ்சுவது பல சமயம் நம் கூலியை விட அதிகமில்லை. அவரும் வியாபாரியிடம், “பார்த்துப் போட்டுக் கொடுங்க” என்றுதான் நிற்கிறார்.

இப்படிப்பட்டவர்கள் லட்சத்துக்கும் மேற்பட்ட தறிகளோடு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் இருக்கிறார்கள். சோமனூர், பல்லடம், அவிநாசி வட்டாரத்தில் கூலிக்கு நெய்யும் தறிக்காரர்கள் அவர்கள். அவர்கள் பட்ட பாட்டை நாம் பாடமாகப் படிக்க வேண்டும்.

2014ல் அவர்களுக்கு ஒரு கூலி உயர்வு ஒப்பந்தம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஏழு வருஷம் கூலி ஏறவில்லை. ஏழு வருஷத்தில் எண்ணெய் விலை ஏறிற்று, உதிரி சாமான் விலை ஏறிற்று, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணம் ஏறிற்று. போராடினார்கள். 2021 நவம்பரில் மந்திரிகள் முன்னிலையிலேயே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று: சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், பல்லடம் ரகத்துக்கு 20 சதவீதம். டிசம்பர் முதல் தேதியிலிருந்து அமல் என்றார்கள். டிசம்பர் வந்தது, உயர்வு வரவில்லை. வியாபாரிகள் தரவில்லை. 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் மறுபடியும் பேச்சு. முடிவில் கிடைத்தது சோமனூர் ரகத்துக்கு 19, மற்றதற்கு 15.

கவனியுங்கள். மந்திரி முன்னால் கையெழுத்திட்ட 23ஐக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் தறியை நிறுத்தி, பட்டினி கிடந்து வாங்கியது 19! இதை அந்தத் தறிக்காரர்களின் பலவீனம் என்று சொல்வது நியாயமாகாது. அந்த ஒப்பந்தத்தின் பின்னால் சட்டம் நிற்கவில்லை. 2025ல் மறுபடியும் மார்ச் மாதத்தில் தறிகளை நிறுத்தினார்கள். கருமத்தம்பட்டியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் சென்று ஏப்ரலில் 15 சதவீதமும் 10 சதவீதமும் ஒப்புக்கொள்ளப்பட்டது. இந்தத் தடவை அவர்கள் எழுப்பிய கோரிக்கைகளில் முக்கியமானது என்ன தெரியுமா? கூலி உயர்வோடு, அதற்குச் சட்டப் பாதுகாப்பும் வேண்டும் என்பது. பட்டபின் வந்த புத்தி அல்ல அது. பட்டவர்கள் கண்ட உண்மை.

இந்த உண்மையை இவர்களுக்கு முன்னாலேயே கண்டவர்கள் இருக்கிறார்கள். பிரான்ஸ் தேசத்தில் லியான் என்றொரு பட்டணம். பட்டு நெசவுக்குப் பேர் போனது. அங்கேயும் இதே ஏற்பாடுதான். வியாபாரி பட்டு நூல் கொடுப்பான். சிறு தறிக்காரன் தன் வீட்டில் நெய்து கொடுப்பான். வந்த கூலியில் ஏறக்குறையப் பாதியைத் தன் தறியில் நிற்கும் கூலி நெசவாளிக்குக் கொடுப்பான். 1831 அக்டோபரில் இரண்டு தரப்பையும் அந்த ஜில்லாத் தலைமை அதிகாரி அழைத்துவைத்துப் பேசி, ரகம் ரகமாகக் கூலி விகிதப் பட்டியல் ஒன்று போட்டார். நெசவாளர்கள் பட்டணத்தையே விளக்கேற்றிக் கொண்டாடினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வியாபாரிகள், இந்தப் பட்டியலை ஏற்க மாட்டோம் என்றார்கள். பாரிஸ் சர்க்கார் வியாபாரிகள் பக்கம் சாய்ந்தது. நவம்பர் 21 அன்று நெசவாளர்கள் எழுந்தார்கள். சில நாள் பட்டணமே அவர்கள் வசம் இருந்தது. டிசம்பரில் சுமார் 20,000 சிப்பாய்களோடு ராணுவம் வந்தது. பட்டியல் ரத்தாயிற்று.

லியானில் ஒரு விஷயம் நம் நெஞ்சில் நிற்க வேண்டியது. அங்கே தெருவில் இறங்கியது கூலி நெசவாளி மட்டுமல்ல. தறிக்காரனும் அவனும் ஒன்றாக இறங்கினார்கள். தறிக்காரனுக்கு வியாபாரி தரும் கூலி ஏறாமல் தனக்கு ஏறாது என்று தொழிலாளி அறிந்திருந்தான். தொழிலாளியைக் கசக்கித் தான் பிழைக்க முடியாது என்று தறிக்காரனும் அறிந்திருந்தான். நம் ஊர்ச் சிறு தறிக்காரர்களுக்கு நாம் சொல்வதும் அதுவே. அண்ணாச்சிமார்களே, வியாபாரி உங்களைக் குறைத்தால் நீங்கள் எங்களைக் குறைக்கிறீர்கள். நாங்கள் யாரைக் குறைப்பது? எங்கள் குழந்தையின் பாலையா? உங்கள் கணக்கை எங்களிடம் காட்டுங்கள். எங்கள் கூலியை உங்கள் கணக்கில் மிச்சமாக அல்லாமல் முதல் வரியாக எழுதிக்கொண்டு வியாபாரியிடம் போங்கள். பின்னால் நாங்கள் நிற்கிறோம். ஆனால் வியாபாரியிடம் உயர்வை வாங்கிக்கொண்டு எங்களிடம் மறைத்தால், அப்போதும் நாங்கள் நிற்போம்; உங்கள் வாசலில்!

இனி, சட்டம் நமக்கு என்ன வைத்திருக்கிறது? அதிகம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் இருப்பதைத் தெரிந்துகொள்ளாமல் விடுவது முட்டாள்தனம்.

1948ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஒன்று சொல்லிற்று: துண்டுக் கூலிக்கு வேலை செய்பவருக்கும், நேரக் கணக்கில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி இருந்தால், அதற்குக் குறைந்து போகக் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2019ன் ஊதியத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. இந்தத் தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, எதிர்க்கின்றன. அந்த நியாயங்களை வேறொரு கூட்டத்தில் பேசுவோம். ஆயினும் துண்டுக் கூலி பற்றிய அந்த ஷரத்து அதிலும் இருக்கிறது. ஆகவே நிமிஷக் கணக்குப் போடச் சொன்னோமே, அது வெறும் பேச்சுக்கல்ல. ஒரு ஷிப்டில் நம் கைக்கு வருவதை, தமிழ்நாட்டில் விசைத்தறித் தொழிலுக்குக் குறிக்கப்பட்ட நாள் கூலியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்தால், நம்மிடம் கேட்க ஒரு வழக்கு இருக்கிறது. நிமிஷக் கணக்கு இல்லாதவனிடம் வழக்கும் இல்லை.

இரண்டாவது, கையெழுத்து எங்கே போடுகிறோம் என்பது. முதலாளியின் ஆபீசில் தனியாகப் போட்ட ஒப்பந்தம், போட்டவர்களை மட்டுமே கட்டும். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னால், சமரசப் பேச்சின் முடிவாகப் போட்ட ஒப்பந்தம், சங்கத்தில் சேராத தொழிலாளியையும், நாளை வேலைக்குச் சேரும் தொழிலாளியையும் சேர்த்துக் கட்டும். 1947ன் தொழில் தகராறு சட்டத்தில் 12(3) ஒப்பந்தம் என்று பழைய தோழர்கள் சொல்வார்களே, அது இதுதான். சட்டத்தின் பெயர் மாறினாலும் இந்த வேறுபாடு மாறவில்லை. “எதற்கப்பா தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் அலைகிறீர்கள், இங்கேயே பேசி முடிப்போம், நாமெல்லாம் ஒரே ஊர்க்காரர்” என்று அன்பாகச் சொல்வார்கள். அன்பை ஏற்றுக்கொள்வோம், கையெழுத்தை அதிகாரி முன்னால் வைத்துக்கொள்வோம்.

சிறு தறிக்காரருக்கு இந்தச் சட்டம் உதவாது. அவர் சட்டக் கண்ணில் தொழிலாளி அல்ல. அவருக்கு 2006ன் சிறு குறுந் தொழில் சட்டம் ஒன்று உண்டு. பதிவு செய்துகொண்ட சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் வியாபாரி பணம் கொடுக்க வேண்டும், தவறினால் வட்டியோடு. கூலியின் அளவை இச்சட்டம் ஏற்றித் தராது. ஆனால் தீபாவளிக்கு நெய்த துணிக்குச் சித்திரையில் பணம் வாங்கும் கொடுமைக்கு ஒரு கடிவாளம். சட்டம் உண்டு என்று தெரிந்தும் கேட்கப் பயப்படுகிறார்கள். கேட்டால் அடுத்த பாவு வராதாம். ஒருவர் கேட்டால் வராது, உண்மைதான். தெருவே கேட்டால்?

விவசாயத் தொழிலாளத் தோழர்களே, இது தறிக்காரன் கதை என்று நினைத்துவிடாதீர்கள். பேரம் பேசியதற்காக இந்த நாட்டில் அதிக விலை கொடுத்தவர்கள் நீங்கள்தான். 1948ல் தஞ்சையில் மாயவரம் ஒப்பந்தம் பண்ணையாளுக்குக் கூலியை எழுத்தில் வாங்கித் தந்தது. 1952ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கும் பதினாறு வருஷத்துக்குப் பிறகு, 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் என்ன நடந்தது? கூலியாக இன்னும் அரைப்படி நெல் கேட்டார்கள். செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். பெண்களும் குழந்தைகளும் கிழவர்களுமாக 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அரைப்படி நெல்! அதைக் கொடுத்தால் நிலப்பிரபுவின் பத்தாயம் காலியாகி விடுமா? நெல்லை அவர்கள் பெரிதாக நினைக்கவில்லை. கூலியை நிர்ணயிக்கும் இடத்தில் கூலிக்காரனும் ஒரு நாற்காலி கேட்கிறானே, அதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. 1969ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வரியும் அந்தச் சாம்பலிலிருந்து எடுத்து எழுதியது.

இதைச் சொல்லிவிட்டு முன்பணம் பற்றிப் பேசுவது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நம் நாக்கைக் கட்டிப் போடுவது அதுதான். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்று முன்பணம் வாங்குகிறோம். வாங்காமல் முடிவதில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் பேச்சுவார்த்தை நாளன்று முதலாளி முதலில் எடுத்துப் பார்ப்பது முன்பண நோட்டைத்தான். யார் முன்னால் நிற்கிறார்களோ அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, “உனக்கு மட்டும் கொஞ்சம் கூட்டித் தருகிறேன், வெளியே சொல்லாதே” என்கிறார். அந்த ‘உனக்கு மட்டும்’ இருக்கிறதே, தோழர்களே, அது பத்துப் பேருக்குத் தனித் தனியாகச் சொல்லப்படும். பத்துப் பேரும் வெளியே சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருவரும் தனக்குத்தான் அதிகம் என்று நினைத்துக்கொண்டு, எல்லோரும் குறைவாக வாங்குவார்கள். ஆகவே கூலி எவ்வளவு என்று ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லிக்கொள்வதே சங்க வேலையில் முதல் வேலை. அதற்குக் காசும் வேண்டாம், கொடியும் வேண்டாம்.

கூலியை முன்கூட்டியே எழுத முடியாது, ரகம் அடிக்கடி மாறும் என்று ஒரு வாதம் வரும். அதற்குப் பதில் ரொம்ப தூரத்தில் இல்லை. 1983லிருந்து சர்க்கார் இலவச வேட்டி சேலைத் திட்டம் நடத்துகிறது. அந்தத் துணிக்கு நெசவுக் கூலி இவ்வளவு என்று சர்க்கார் நிர்ணயித்த பிறகுதான் தறி ஓடுகிறது. அந்தக் கூலி போதுமா என்பது வேறு சண்டை. ஆனால் முன்னால் எழுத முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. ரகம் மாறினால் பிக் கணக்கில் கூலியும் மாறும் என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். வருகிற ரகம் எதுவானாலும் அந்த வரியே பதில் சொல்லும்.

ஆகவே வரப்போகும் பேச்சுவார்த்தைக்கு நாம் கொண்டுபோகும் காகிதத்தில் என்ன இருக்க வேண்டும்? ரகத்தின் பெயர் மட்டும் போதாது. பிக்கும் நீளமும் இருக்க வேண்டும். சதவீதத்தோடு, எந்தத் தேதிக் கூலியின் மேல் அது என்றும் இருக்க வேண்டும். பாவுக்கும் நூலுக்கும் காத்திருக்கும் நேரத்துக்கு ஏதாவது ஒரு படி கேட்க வேண்டும். முதல் தடவையே முழுவதும் கிடைக்காது, இருந்தாலும் கேட்டு வைக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதும், முடிவதற்கு எத்தனை மாதம் முன்னால் அடுத்த பேச்சுத் தொடங்கும் என்பதும் வேண்டும். இல்லையேல் சோமனூர்க்காரர்களைப் போல் ஏழு வருஷம் காத்திருக்க நேரும். நாம் கேட்கும் தொகை ஒன்று, இதற்குக் கீழே இறங்க மாட்டோம் என்கிற தொகை ஒன்று, இரண்டையும் உள்ளே போவதற்கு முன் நாமே முடிவு செய்துவிட வேண்டும். இரண்டாவது தொகை நம் கூட்டத்துக்கு மட்டும் தெரிந்தால் போதும். உள்ளே போகிறவர்களுக்கு அதைத் தாண்டி இறங்க அதிகாரம் கிடையாது. இறங்க வேண்டுமானால் வெளியே வந்து உங்களைக் கேட்க வேண்டும். எங்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு பொருந்தும். ஒருதரம் மாலைக்கு மயங்கியவர்கள் என்பதால், கண்டிப்பாகப் பொருந்தும்.

வெளியே மேசையில் இரண்டு குயர் நோட்டு ஒன்று இருக்கிறது. இன்றிரவு வீட்டுக்குப் போகும் முன் ஒவ்வொருவரும் அதில் எழுதிவிட்டுப் போக வேண்டும்: தறியில் ஓடும் ரகம், பிக், நீளம், வாங்கும் கூலி, ஒரு ஷிப்டில் எத்தனை அறுக்கிறீர்கள், போன வாரம் எத்தனை மணி நேரம் தறி நின்றது. பெயர் எழுத வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க இரண்டு தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பீடித் தாய்மாருக்கும், பூ பறிக்கும் தாய்மாருக்கும், வயல் வேலைக்காரருக்கும் தனித் தனிப் பக்கம் விட்டிருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை அதைக் கூட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறோம். அதை வைத்துத்தான் கோரிக்கையை எழுதப் போகிறோம்.